எக்கி எடுத்த சொல்

போன வாரம் ஒரு சாயங்காலம் அடுப்பு லைட்டர் மக்கர் பண்ணியது. எத்தனை தடவை அமுக்கினாலும் சத்தம்தான் வந்ததே தவிரப் பொறி வரவில்லை. பூஜை அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தீப்பெட்டி கிடக்கும். அதை எடுத்து உரசினேன். மருந்து பற்றியதும் சுரீரென்று மூக்கில் ஏறிய வாசத்தில், பாலை அடுப்பில் வைக்க வேண்டும் என்பதையே மறந்து நின்றுவிட்டேன்.

குச்சியை அணைத்துப் போட்ட பிறகும் பெட்டி கையிலேயே இருந்தது. என் கட்டைவிரல் தன்பாட்டுக்குப் பெட்டியின் மூட்டைத் தடவிக்கொண்டிருந்தது. ஒட்டு சரியாக விழுந்திருக்கிறதா, ஓரம் எங்காவது பிரிகிறதா என்று பார்க்கிற பழக்கம் அது. சின்ன வயதில் விரலுக்கு வந்தது, எழுபதைத் தாண்டியும் போகவில்லை. இப்போது கையில் இருப்பது அட்டைப்பெட்டி. மடிப்பெல்லாம் அச்சு வார்த்தாற்போல இருந்தது. 14 வருஷமாக ஒரு ரூபாய்க்கே விற்றுக்கொண்டிருந்த தீப்பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. இந்தக் காலத்தில் இரண்டு ரூபாய்க்கு வேறு என்ன கிடைக்கிறது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் எல்லாமே தீப்பெட்டியால்தான் கிடைத்தது. ஒரு இங்கிலீஷ் சொல்கூட.

நான் பிறந்து வளர்ந்தது கோவில்பட்டியில். கரிசல் மண், வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் மழையை நம்பித்தான் விளையும். மழை ஏமாற்றினால் சனங்களுக்குக் கை கொடுக்க வேறொன்று வேண்டியிருந்தது. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அந்தத் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. பெட்டி காய்வதற்கும் குச்சி காய்வதற்கும் வெயில் வேண்டும். எங்கள் ஊரில் பஞ்சமே இல்லாத ஒரே பொருள் அதுதான்.

எங்கள் பக்கத்தில் யாரும் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். விடியும் முன்னே ஆபீசுக்குப் போகிற பெண்கள் ஒரு பக்கம். போக முடியாதவர்கள் பெட்டிச் சாமானை வீட்டுக்கு வாங்கிவந்து ஒட்டிக் கொடுப்பார்கள். அம்மா இரண்டாவது ரகம். அப்பா பருத்தி அரவை மில்லில் கணக்கு எழுதினார். பருத்தி வருகிற மாதங்களில் முழுச் சம்பளம். மற்ற மாதங்களில் மில்லே பாதி உறங்கும், சம்பளமும் பாதியாகும். நாங்கள் நான்கு பிள்ளைகள், ஆச்சி ஒருத்தி. பாதிச் சம்பள மாதங்களில் பசி பாதியாகிவிடாது அல்லவா? அந்த மீதிப் பாதிக்குத்தான் அம்மா பெட்டி ஒட்டினாள்.

அம்மா பெட்டி ஒட்டுவதை இப்போதும் என்னால் விரல் விரலாகச் சொல்ல முடியும். தாள் கனத்துக்குச் சீவிய மரச்சில்லில் மடிக்க வேண்டிய இடங்களில் ஏற்கெனவே கீறல் போட்டிருக்கும். இடது கையால் அதை எடுத்து, கீறல் வழியே நான்கு மடக்கு மடக்குவாள். மரம் முறிகிற மெல்லிய சத்தம் நான்கு தடவை கேட்கும். ஐந்தாவது தடவை கேட்டால் சில் ஒடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குக் கூலி கிடையாது. வலது கை அதற்குள் பசை தடவிய நீலத்தாளை எடுத்திருக்கும். மடக்கிய சில்லைத் தாளின் மேல் வைத்து ஒரு உருட்டு, கட்டைவிரலால் ஓரத்தில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். பெட்டி முறத்தில் போய் விழும். நான் ஒரு பெட்டி ஒட்டுவதற்குள் அவள் ஐந்தாறு ஒட்டிவிடுவாள், அதுவும் என் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே. பசையில் மயில்துத்தம் கலந்திருப்பதால் எலி கிட்டே வராது. பிள்ளைகளும் நக்கிவிடக் கூடாது என்று தம்பியை எட்டியே உட்காரவைப்பாள்.

முறம் நிறைந்ததும் பெட்டிகளை வாசலில் வெயிலில் பரப்புவது என் வேலை. காய்ந்ததும் எண்ணி எடுப்பதும் என் வேலைதான். 144 பெட்டி ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்குத்தான், அதுவும் பைசாவில். நான் அறிந்த முதல் இங்கிலீஷ் சொல் 'குரோஸ்'. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வாய்பாட்டின் கடைசி வரியைச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு, இது எங்க வீட்டுக் கணக்காச்சே என்று எனக்கு ஒரே பெருமை.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. குரோஸ் கணக்கை அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைப்பாள். ஒரு குரோசுக்கு ஒரு கோடு. ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் கட்டாக்குவாள். ஆபீஸ் கணக்கப்பிள்ளை சைக்கிளில் வந்து எண்ணி எடுத்துப்போகும்போது அவர் நோட்டும் எங்கள் சுவரும் ஒத்துப்போக வேண்டும். சுவர் தப்பியதே கிடையாது. அதற்குள் இன்னொரு கணக்கும் இருந்தது. எந்தக் கட்டு எதற்கு என்பது அவளுக்கு மட்டும் தெரியும். மேல் வரிசை ரேஷனுக்கு. அதற்குக் கீழே ஆச்சியின் கஷாயச் சாமானுக்கு. ஜன்னல் ஓரமாகத் தனியே நிற்கிற கோடுகள் என் பரீட்சைப் பீசுக்கு. "அந்த மூலையில கை வச்சிராத, அது உன் படிப்பு" என்பாள்.

நாட்டுக்கே அது இறுக்கமான காலம். 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று சனங்களைக் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை ராத்திரி. நகரத்து ஓட்டல்கள்கூட அன்றைக்கு அடுப்பை அணைத்துவைத்தன. ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமை போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் காமராசர் கொண்டுவந்த மதிய உணவு இருந்ததால் எங்கள் நான்கு பேருக்கும் ஒரு வேளை உறுதி. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதுதான் தெருவெல்லாம் பேச்சு. அண்ணா ஆட்சிக்கு வந்து சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார். எங்கள் ஊருக்கு அந்தப் படி வரவில்லை. ஆச்சி மட்டும் கடைசிவரை, "மூணு படி வருதாமே?" என்று விசாரித்துக்கொண்டே இருந்தாள்.

கோதுமையை என்ன செய்வதென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. மாவாக்கிச் சுட்டால் பிள்ளைகள் தொடவில்லை. அம்மா அதை வறுத்துத் திரிகையில் இரண்டாக உடைத்தாள். பாதி அரிசி, பாதி உடைத்த கோதுமை, ஒரு பிடி பாசிப்பயறு. இறக்கும்போது நாலு சின்ன வெங்காயம். தொட்டுக்கொள்ள மிதுக்க வத்தல். ஒரு நாள் சாப்பாட்டுக்கு என்று இருந்த அரிசி இரண்டு நாளுக்கு வந்தது. ஆச்சி ஒரு வாய் குடித்துவிட்டு, "இது நல்லாத்தாம்ளா இருக்கு" என்று இன்னொரு கும்பா கேட்டது ஞாபகம் இருக்கிறது.

இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த வீட்டில் எல்லாமே இந்த மாதிரிதான் நடந்தது. போன வருஷ நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைப் பிரித்து, ஒன்றுசேர்த்து, கோணியூசியால் தைத்தால் புது ரஃப் நோட்டு. பென்சில் கையில் பிடிக்க முடியாமல் தேய்ந்துவிட்டால் ஒரு நாணல்குழாயைச் செருகினால் இன்னும் ஒரு மாதம் ஓடும். பிரில் மை அடிப்புட்டிக்கு இறங்கினால் கொஞ்சம் தண்ணீர் விடுவோம். எழுத்து வெளிறும், ஆனால் எழுதும்.

என் பாவாடையைச் சொல்லியாக வேண்டும். துணி எடுக்கும்போதே இரண்டு பிள்ளைக்கு ஆகிற நீளத்துக்கு எடுத்து, கீழே மூன்று டக் பிடித்துத் தைக்கச் சொல்வாள். வருஷத்துக்கு ஒரு டக்கைப் பிரித்துவிடுவாள். பிரித்த இடத்தில் துணி வெயில் படாமல், சோப்புப் படாமல் புதுசாக இருக்கும். மற்ற இடம் வெளுத்திருக்கும். நான் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது என் கத்திரிப்பூக் கலர் பாவாடையில் மூன்று பட்டை தெரிந்தது, மேலே வெளிறல், கீழே போகப்போக அடர்த்தி. மரத்தை அறுத்தால் வளையம் வளையமாகத் தெரியுமே, அந்த மாதிரி நான் எந்த வருஷம் எவ்வளவு வளர்ந்தேன் என்று அந்தப் பாவாடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். நாலாவது வருஷம் பிரிக்க டக் இல்லை. அம்மா தன் பழைய சேலைக் கரையை வெட்டிக் கீழே ஒட்டுக் கொடுத்துத் தைத்தாள். வகுப்பில் ஒரு பிள்ளை, "கரை வச்ச பாவாடையா, எங்க எடுத்தீங்க?" என்று கேட்டது.

அப்புறம் சோப்பு. தேய்ந்து தேய்ந்து ஓடு மாதிரி ஆன பழைய லைஃப்பாய் சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஈரத்தோடு வைத்து அழுத்துவாள். ஒரு ராத்திரியில் இரண்டும் ஒன்றாகிவிடும். புதுச் சோப்பு எப்போதும் முதுகில் ஒரு குட்டியோடுதான் எங்கள் வீட்டில் இருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த சார் வயசானவர். கோட்டு போட்டிருப்பார், கோட்டின் முழங்கையில் வேறு துணியில் ஒட்டு இருக்கும். 'என் தாய்' என்று ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னார். வகுப்பில் முக்கால்வாசிப் பேர், என் தாய் நல்லவள், அதிகாலையில் எழுவாள், என்று மனப்பாடமாக எழுதிவந்தார்கள். எனக்கு அதற்குப் பிறகு ஒரு வரி எழுத ஆசை. அம்மா பெட்டி ஒட்டித்தான் குடும்பத்தை இழுக்கிறாள் என்று தமிழில் நினைத்தேன். அதை அப்படியே இங்கிலீஷாக்கி, 'மை மதர் இஸ் பேஸ்டிங் மேட்ச்பாக்ஸ் அண்ட் புல்லிங் த ஃபேமிலி' என்று எழுதினேன். தண்ணீர் விட்ட மையில் எழுதியதால் அந்த வரி சாம்பல் கலரில் இருந்தது.

நோட்டு திரும்பி வந்தபோது அந்த வரியின் பின்பாதியைச் சார் சிவப்பு மையால் அடித்திருந்தார். மேலே நிதானமான கையெழுத்தில், 'டு ஈக் அவுட் மை ஃபாதர்ஸ் சேலரி' என்று எழுதியிருந்தார். அடித்தது எனக்கு வருத்தமாக இல்லை. அந்த மூன்றெழுத்துச் சொல்தான் கண்ணில் நின்றது. எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. 'எக்கே' என்று படித்தேன்.

எக்கே. உடனே தோன்றியது எங்கள் வீட்டுப் பரண். அதன்மேல் அம்மா ஒரு சின்னப் பானையில் அவசரத்துக்கென்று தானியம் போட்டு மூடிவைத்திருப்பாள். கைக்கு எட்டாத உயரம். குதிகாலைத் தூக்கி, பெருவிரலில் நின்று, எக்கித்தான் எடுப்பாள். எக்கும்போது வயிறும் உள்ளே போகும். அதையும் எங்கள் பக்கம் வயிற்றை எக்குவது என்றுதான் சொல்வோம். எட்டாததை எட்டுவதற்கும் எக்கு, ஒட்டிய வயிற்றுக்கும் எக்கு. நம்முடைய சொல் எப்படி இங்கிலீஷுக்குப் போனது என்று அன்று பூரா யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தாழ்வாரத்தில் சாரை நிறுத்திக் கேட்டேன். "எக்கேன்னா நம்ம எக்குறதுதானா சார்?"

சார் உடனே பதில் சொல்லவில்லை. நான் எக்குவதைப் பற்றிச் சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "அத ஈக்னு சொல்லணும்மா. கடைசி எழுத்து சத்தம் போடாது. நீ சொல்றது வேற வார்த்தை, ஆனா ரெண்டும் ஒரே வேலையத்தான் செய்யுது" என்றார். "சம்பளம் பத்தலன்னு வையி. பத்தலையேன்னு திட்டிக்கிட்டு இருக்காம, அது கூட இன்னொண்ணச் சேத்து அத எட்ட வைக்கிறது. அதுதான் ஈக். உங்கம்மா செய்றது."

"ஒப்பேத்துறதா சார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒப்பேத்துறதுன்னா பேருக்குச் செஞ்சு முடிக்கிறதுன்னும் ஆயிரும்லா. இது அப்படி இல்ல. இதுல ஒண்ணச் சேக்கணும். சேக்காம ஈக் கிடையாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்று முழுசாக வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. அந்தப் பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டியது ஒரு தனிக்கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜன்னல் ஓரத்துக் கோடுகள் என்னைப் பாளையங்கோட்டையில் கல்லூரிவரைக்கும் கொண்டுபோய்விட்டன. இங்கிலீஷ் இலக்கியம் எடுத்தேன். கல்லூரி நூலகத்தில் பெரிய அகராதியை முதன்முதலாகத் தொட்டபோது நான் தேடிப்போனது அந்த மூன்றெழுத்தைத்தான். பழைய இங்கிலீஷில் அதற்குப் 'பெருகச் செய்', 'கூட்டு' என்று பொருள். 'கூட' என்ற பொருளில் அதே வடிவத்தில் இன்னொரு சொல்லும் இருந்திருக்கிறது. 600 வருஷத்துக்கு முன்னால் எழுதிய சாசரின் கவிதைகளில் அந்த 'கூட' அடிக்கடி வரும். ஏலத்துக்கு இங்கிலீஷில் ஆக்‌ஷன் என்கிறோமே, விலை ஏற ஏற நடப்பது, அதுவும் லத்தீன் வழியாக அதே ஆதி வேரிலிருந்து வந்ததுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'நிக்நேம்' கதை. கூடுதலாகச் சேர்ந்த பேர் என்பதால் முதலில் அது 'ஈக்நேம்'. முன்னால் 'அன்' சேர்த்து, 'அன் ஈக்நேம்' என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி, 'ன்' இந்தப் பக்கம் தாவி, 'நீக்நேம்' ஆகி, நிக்நேம் ஆகிவிட்டது. எங்கள் தெருவில் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'பெட்டிக்காரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோது வைத்த பேரோடு அவள் கை சேர்த்த பேர் அது.

வகுப்பில் ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நடத்தினார்கள். அதில் ஒவ்வோர் அங்கத்துக்கு முன்பும் ஒருவர் மேடைக்கு வந்து கதை சொல்வார். மூன்றாவது அங்கத்தில் கடலில் கப்பற்படை போகிறது. மரமேடையில் கடலுக்கு எங்கே போவது? எங்கள் ஆட்டத்தில் குறைகிறதை உங்கள் மனசால் ஈக் அவுட் செய்துகொள்ளுங்கள் என்று பார்க்க வந்தவர்களையே கேட்டுக்கொள்கிறார். அந்த இடத்தில் எனக்கு எங்கள் ஊர்த் தோல்பாவைக் கூத்து ஞாபகம் வந்தது. ஒரு வேட்டித்திரை, ஒரு விளக்கு, உள்ளே ஒரே ஆள். அவர்தான் ராமன், அவர்தான் ராவணன், அழுகிற சீதையும் அவர்தான். இரண்டு குரங்குப் பாவையை ஆட்டிவிட்டு வானரசேனை என்பார். நாங்கள் மண்ணில் உட்கார்ந்து மீதிக் குரங்குகளைச் சேர்த்துக்கொள்வோம். திரையில் அன்றைக்குக் கடலே நிறைந்தது.

ஆசிரியப் பயிற்சிக்குப் போன வருஷம் ஃபவுலர் எழுதிய இங்கிலீஷ் வழக்கு அகராதி கையில் கிடைத்தது. 1926-இல் வந்த புத்தகம். இந்தச் சொல்லைப் பற்றி அவர் கறாராக இருக்கிறார். கையில் இருக்கிற குறைவான பொருளைத்தான் ஈக் அவுட் செய்ய முடியும், ஏனென்றால் அதோடு வேறொன்றைச் சேர்க்க முடியும். வருமானத்தை ஈக் அவுட் செய்யலாம், பிழைப்பை ஈக் அவுட் செய்வது தப்பான வழக்கு என்பது அவர் கட்சி. படித்ததும் எனக்குத் தாழ்வாரத்தில் நின்ற சாரின் குரல்தான் கேட்டது. சேக்காம ஈக் கிடையாது. ஊர்க்கோடிப் பள்ளிக்கூடத்தில் முழங்கையில் ஒட்டுப் போட்ட கோட்டோடு நின்றுகொண்டு அவர் அந்த மூன்றெழுத்தை எனக்குச் சுத்தமாகத்தான் கொடுத்திருக்கிறார். என் வரியில்கூட அவர் 'பிழைப்பு' என்று எழுதவில்லை, 'அப்பாவின் சம்பளம்' என்றுதான் எழுதினார். இதைச் சொல்ல ஊருக்குப் போனபோது அவர் இல்லை.

எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலையோடு ஒரு டஜன் சோப்பு வாங்கிப் போனேன். இனிமேல் அந்தத் தேய்ந்த ஓட்டையெல்லாம் தூக்கிப் போட்டுவிடு என்றேன். அம்மா அப்போது பெட்டி ஒட்டுவதை விட்டிருந்தாள். விரல் நுனிகள் மட்டும் பசையில் ஊறி ஊறி ரேகை மழுங்கிப்போயிருந்தன.

"சோப்ப எதுக்கு வாங்குறோம் தாயி?"

"குளிக்கத்தான்."

"தேயறதுக்குத்தான வாங்குறோம். தேஞ்சதுக்காகத் தூக்கிப் போட்டா நல்லாவா இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. அவள் இருந்த கடைசி நாள்வரை அந்த வீட்டுச் சோப்பு முதுகில் குட்டியோடுதான் இருந்தது.

காலம் எவ்வளவோ மாறிவிட்டது. மரச்சில்லுப் பெட்டியைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. நாணல் செருகிய பென்சிலையோ டக் பிடித்த பாவாடையையோ என் பேத்திக்குக் காட்டக்கூட ஒன்று மிச்சமில்லை. தீப்பெட்டிக்கும் போட்டியாக வெளிநாட்டு பிளாஸ்டிக் லைட்டர்கள் வந்து, 2023-இல் 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போடும் அளவுக்குப் போனது. பற்றாக்குறை போனதில் எனக்குச் சந்தோஷம்தான். எந்தத் தாயும் ராத்திரி விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வறுமையைப் பொன்னாக்கிப் பேசுவதில் எனக்குச் சம்மதமே கிடையாது. ஆனால் இல்லாததைப் பார்த்தவுடன் எதைக் குறைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், எதைச் சேர்க்கலாம் என்று யோசித்த ஒரு புத்தி இருந்தது. அது போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

அன்றைக்குப் பாலைக் காய்ச்சி இறக்கியபோது பேத்தி கூடத்தில் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்கு இங்கிலீஷ் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். சொல்லி வைத்தாற்போல, 'ஈக் அவுட் எ லிவிங்' என்று சத்தமாகப் படித்து, 'கஷ்டப்பட்டுக் காலம் தள்ளுவது' என்று விடையும் சொன்னாள். விடை தப்பில்லை. இன்றைய அகராதிகள் ஃபவுலரைத் தாண்டி வந்துவிட்டன, பிழைப்பையும் ஈக் அவுட் செய்யலாம் என்று ஒத்துக்கொள்கின்றன. நானும் அந்த விடைக்கு எத்தனையோ தடவை மார்க் போட்டிருக்கிறேன். இருந்தும் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல ஒரு வார்த்தை விட்டுப்போச்சு, சேர்த்து" என்றேன். கஷ்டப்படுவது அதில் பாதி. கஷ்டத்தோடு எதையோ கொண்டுவந்து சேர்ப்பது மீதிப் பாதி. கோதுமை, சேலைக்கரை, நாணல், மனசு.

"பாட்டி, உங்க அம்மா எதச் சேத்தாங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் நான் அந்தத் தனிக்கதையைச் சொன்னேன்.

சார் திருத்தித் தந்த நோட்டை எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனபோது அம்மா முறத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சிவப்பு மையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "தப்பா போட்டுட்டியா?" என்றாள். இல்லை என்று சொல்லி, என் வரியையும் சாரின் வரியையும் தமிழில் சொன்னேன். நீ பெட்டி ஒட்டி அப்பா சம்பளத்தோடு சேர்க்கிறாய், சேர்த்து அதை எட்டவைக்கிறாய், அப்படி எழுதியிருக்கிறார் என்றேன். அம்மாவின் கை நின்றது. பசை தடவிய நீலத்தாள் விரலில் ஒட்டிக்கொண்டு காய்கிற வரைக்கும் அவள் பேசவில்லை.

"இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்கா?"

"இருக்கும்மா. ஈக்."

"ஈக்கு" என்று சொல்லிப் பார்த்தாள். விளக்குமாற்று ஈக்கு மாதிரி அவள் வாயில் அது நம் சொல்லாகவே ஆனது. "எழுதிக் காட்டு."

கரித்துண்டை எடுத்துச் சுவரில், கோடுகளுக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதினேன். ஈ, கே, ஈ. அம்மா எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். "ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணு போல இருக்கே. சீப்பு மாதிரி" என்றாள். நடுவில் நிற்கிற எழுத்தை விரலால் தொடப் போனவள் பசைக்கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து ஒட்ட ஆரம்பித்தாள். அன்று ராத்திரி அவள் சிம்னி விளக்கை அணைக்கும்போது கோழி கூப்பிடுகிற நேரம். சுவரில் வழக்கத்தைவிட ஒரு கோடு கூடுதலாக இருந்தது. ஜன்னல் பக்கத்தில்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வேலையும் அம்மாதான் செய்வாள். அந்த வருஷமும் தென்னை மட்டையை நசுக்கிச் சுண்ணாம்பில் தோய்த்து, மேலிருந்து அடித்துக்கொண்டு வந்தாள். ரேஷன் கோடுகள் போயின. கஷாயக் கோடுகள் போயின. என் மூலைக்கு வந்ததும் அந்த மூன்றெழுத்தை மட்டும் விட்டுவிடுவாள் என்று நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்தவில்லை. ஒரே வீச்சில் அதுவும் போய்விட்டது. எனக்குத் தொண்டை அடைத்தது.

"அழிச்சிட்டியேம்மா."

"புது வருசக் கணக்கு எழுத எடம் வேண்டாமா?" என்றாள்.

மாட்டுப்பொங்கல் கழிந்த மறுநாள் காலை, சுண்ணாம்பு வாசம் இன்னும் போகாத அந்த வெள்ளைச் சுவரில், மூன்றெழுத்து இருந்த அதே இடத்தில், அந்த வருஷத்தின் முதல் கோட்டைப் போட்டாள்.